ரப்பர் ரிட்லியும் நம்ம சுண்ணாம்பு மலைகளும்



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டோடு எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், கை தானாக உளியைப் பிடிக்கும். முன்பு வெட்டிய கோட்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு சீவல் எடுக்கும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். ஆழம் குறைந்தால் பால் இறங்காது. இந்தக் கணக்கை நமக்கு அப்பாவும் தாத்தாவும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கங்காணி சொன்னார். கங்காணிக்குத் துரை சொன்னார். அந்தத் துரைக்குச் சொன்னது யாரு?

அவர் பேர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. மலாயாவில் பால்மரத்தைப் பரப்பியவர் என்று பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் அது அவர் கதையில் பாதிதான். மறுபாதி நம் பேராக் மலைகளோடு சேர்ந்தது. ஈப்போவைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கிறதே சுண்ணாம்பு மலைகள், அதுபோன்ற மலைகளில் முளைக்கும் அரிய செடிகளைத் தேடிப் பிடித்துப் பேர் எழுதி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு கையால் வெளிநாட்டு மரத்தைப் பரப்பினார். மறு கையால் உள்ளூர்ச் செடிகளுக்குக் கணக்கு எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் யார் என்று புரியும். நமக்கு இன்றைக்கு உள்ள கடமையும் புரியும்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ரிட்லி பிறந்தது 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள். ஊர், இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்தில் வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூர். தகப்பனார் ஒரு பாதிரியார். தாயாரைச் சின்ன வயசிலேயே பறிகொடுத்துவிட்டார். பூச்சி, பறவை, செடி, கல் என்று எதைக் கண்டாலும் நின்று பார்க்கிற பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்து முடித்து, 1880-ல் லண்டன் அருங்காட்சியகத்தில் தாவரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் காய்ந்த செடிகள் காகிதத்தில் ஒட்டப்பட்டு அங்கே வரும். அவற்றைப் பிரித்து, எது எந்த வகை என்று கண்டுபிடித்துப் பதிவு செய்வதுதான் வேலை.

காய்ந்த செடியைப் பார்த்துப் பார்த்து, பச்சையாக முளைத்து நிற்கும் செடியைப் பார்க்க ஆசை வராதா? 1887-ல் பிரேசில் நாட்டுக்கு அப்பால், நடுக்கடலில் கிடக்கும் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா என்ற தீவுக்கு ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு போனார். பின்னால் 1890-ல் கிறிஸ்துமஸ் தீவுக்கும் போனார். தீவுகளிலே அவருக்கு அப்படி என்ன ஈர்ப்பு? சுற்றிலும் கடல். வெளியிலிருந்து ஒரு விதை வந்து சேருவதே அபூர்வம். வந்து சேர்ந்தது அங்கேயே தனியாக வளர்ந்து, காலப்போக்கில் வேறு எங்கும் இல்லாத தனி இனமாக மாறிவிடும். அந்தத் தீவில் அழிந்தால் உலகத்திலேயே அழிந்த மாதிரி. தீவு என்கிற இந்தச் சங்கதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஈப்போ மலைக்கு வரும்போது தேவைப்படும்.

தோட்டமும் காடும் ஒரே கையில்

1888-ல் ரிட்லி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த பதவி தாவரத் தோட்டத்துக்கும் காடுகளுக்கும் சேர்த்து இயக்குநர். பூந்தோட்டம் பராமரிப்பது ஒரு வேலை. நீரிணைக் குடியேற்றங்கள் என்று அழைக்கப்பட்ட சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு வட்டாரக் காடுகளைக் காப்பது இன்னொரு வேலை.

அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் காடு பெரும்பாலும் போய்விட்டிருந்தது. காம்பிர் என்று ஒரு பயிர். தோல் பதனிடவும், வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்டது. அதன் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். காட்டை வெட்டி விறகாக்கினார்கள். மண் சத்துப் போனதும் நிலத்தைப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டார்கள். விட்டுப்போன நிலத்தில் என்ன முளைக்கும்? தோட்டத்து ஆள் யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார். லாலாங்!

லாலாங் இருக்கும் இடத்தில் நெருப்பும் வரும். வெயில் காலத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும், மேலே இருப்பதெல்லாம் சாம்பல். ஆனால் லாலாங் சாகாது. மண்ணுக்கடியில் ஊசி ஊசியாக ஓடுகிற அதன் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. சாம்பல் ஆறும் முன்னே பச்சை ஊசி கிளம்பிவிடும். பக்கத்தில் முளைத்திருந்த மரக்கன்றுகள்தான் கருகும். ஆக, ஒவ்வொரு முறை எரியும்போதும் லாலாங்குக்கு லாபம், காட்டுக்கு நட்டம். காட்டைக் காக்க வந்தவருக்குக் கோடரியை விட நெருப்புதான் பெரிய பகை.

பைத்தியக்காரர் என்று பேர் வாங்கியவர்

இனி பால்மரத்துக்கு வருவோம். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அதிலிருந்து 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கன்றுகளை நம் பேராக்கில், கோலாகங்சாரில், அன்றைய ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று கோலாகங்சாரில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். லட்சக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையை இழுத்து வந்த மரத்தின் பரம்பரை அது.

ரிட்லி வந்தபோது தோட்டத்தில் பால்மரங்கள் வளர்ந்து நின்றன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் விளங்கவில்லை. பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்து கட்டைவரை இறங்கும். மரம் முண்டும் முடிச்சுமாகி, பிறகு பாலும் வராது. இப்படிச் செய்தால் தோட்டம் வைத்துப் பிழைக்க முடியுமா?

ரிட்லி பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். பால் இருப்பது கட்டையில் அல்ல, பட்டையில் என்பதால், கட்டையைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவினார். உள்ளே இருக்கிற உயிர்த்தோலைக் காயப்படுத்தாவிட்டால் பட்டை திரும்ப வளர்ந்துவிடுகிறது. அதைவிட வேடிக்கை, அதே கோட்டை மறுபடி மறுபடி சீவினால் முதல் நாளைவிடப் பின்னால் வரும் நாள்களில் பால் அதிகம் இறங்குகிறது. விடியற்காலையில் வெட்டினால் நன்றாக ஓடுகிறது. நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்ந்த கோடுகள் என்று மீன்முள் மாதிரி வெட்டும் முறையை அவர் கொண்டுவந்தார். பிற்காலத்தில் கோட்டின் வடிவம் மாறியது. ஆனால் அடிப்படைக் கணக்கு அவர் கண்டதுதான். நாம் இருட்டில் எழுந்து ஓடியதற்கும் காரணம் அந்தக் கணக்குதான்.

கண்டுபிடித்தால் போதுமா? கேட்க ஆள் வேண்டாமா? அப்போது துரைமார் எல்லாரும் காப்பிப் பைத்தியம். ரிட்லி போகிற இடமெல்லாம் ரப்பர், ரப்பர் என்று பேசினார். சட்டைப் பையில் விதை வைத்துக்கொண்டு பார்க்கிறவர் கையில் திணித்தார். சிரித்தார்கள். பைத்தியக்கார ரிட்லி என்று பேர் வைத்தார்கள். மனுஷன் அசையவில்லை.

1896-ல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். அந்தக் காலத்திலேயே காஜாங் பக்கம் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் நட்டார்கள். காப்பி விலை சரிந்தது. பூச்சியும் சேர்ந்து தின்றது. அந்த நேரம் பார்த்து உலகத்தில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது. வண்டிக்குச் சக்கரம், சக்கரத்துக்கு ரப்பர். 1910 வாக்கில் விலை எங்கேயோ போய்விட்டது. பைத்தியக்கார ரிட்லி, ரப்பர் ரிட்லி ஆனார். 1920-களின் தொடக்கத்தில் மலாயாவில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் பால்மரம் நின்றது.

எரித்த நிலத்தில் எழுந்த தோட்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், தோழர்களே. இருபது லட்சம் ஏக்கர் சும்மா கிடந்த நிலமா? பெரும்பகுதி காடு. மரத்தைச் சாய்த்து, சில வாரம் காயவிட்டு, நெருப்பு வைத்து, கரிக்கட்டைகளுக்கு நடுவில் குழி தோண்டித்தான் கன்று நட்டார்கள். அந்த வேலையில் யார் நின்றார்கள்? கப்பலேறி வந்த நம் முன்னோர் நின்றார்கள். காய்ச்சலில் செத்தவர், பாம்பு கடித்துச் செத்தவர், மரம் விழுந்து செத்தவர் பேர் எல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரிட்லியின் பேர் நிலைத்தது. மரத்தை வெட்டிய கையின் பேர் நிலைக்கவில்லை. இதைச் சொல்லாமல் அவர் புகழை மட்டும் பாடினால் அது பாதிக் கதை.

ஆனால் ரிட்லியை வெறும் தோட்டத்துரைகளின் ஆள் என்று தள்ளிவிடவும் முடியாது. எந்தக் காடு அழிந்துகொண்டிருந்ததோ, அந்தக் காட்டுக்குள்ளே அவர் இறங்கி நடந்தார். பேராக் உட்பட மலாயாவின் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். எங்கே கண்டது, என்ன நிறப் பூ, பாறையில் முளைத்ததா மரத்தில் ஒட்டியதா என்று குறிப்பு எழுதினார். 1893-ல் அவர் விவரித்து எழுதிய ஓர் ஆர்க்கிட் மலர், வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆனது.

பத்து மலையில் ஒரு குட்டிப் பனை

1892 முதல் பத்து மலையில் தைப்பூசம் நடந்து வருகிறது என்பார்கள். நம்மவர்கள் காவடி தூக்கி மலையேறத் தொடங்கிய அதே 1890-களில் ரிட்லியும் அந்தக் குகைகளுக்குள் புகுந்தார். இருட்டில் வாழும் பிராணிகளைப் பார்த்தார். குகையில் வாழும் வெளிறிய நிறப் பாம்பைப் பற்றி எழுதினார். மலைப் பாறைகளில் விசிறி மாதிரி ஓலை விரித்து நிற்கும் ஒரு குட்டிப் பனைக்கு அறிவியல் பேர் சூட்டியவரும் அவர்தான். சிலாங்கூரில் உள்ள ஒரு சில சுண்ணாம்பு மலைகளைத் தவிர அந்தப் பனை உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக முளைப்பதில்லை. எத்தனையோ பேர் அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறோம். அப்படி ஒரு பனை அந்த மலையில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்து மலைக்குச் சொன்னது நம் ஈப்போவுக்கும் பொருந்தும். கல்லுமலை என்று நாம் கும்பிடுகிற குனோங் சீரோ, குனோங் ராப்பாட், குனோங் லானோ, கோப்பெங் பக்கம் தெம்புரோங், சிம்மோர் பக்கம் கந்தான் என்று கிந்தா பள்ளத்தாக்கு நெடுக சுண்ணாம்பு மலைகள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் படிந்த சிப்பியும் பவளமும் கல்லாகி எழுந்தவை. ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவில் தோட்டம், ஈயக்குட்டை, ஊர். மலைச் செடிகளுக்கு இதெல்லாம் கடல் மாதிரிதான். இப்போது முன்னே சொன்ன தீவை நினைத்துப் பாருங்கள். ஈப்போவின் ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. இந்த மலையில் முளைக்கும் சில செடிகள் அந்த மலையில் இல்லை.

அந்த வாழ்க்கையும் லேசானது இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் கல்லுக்குள் இறங்கிவிடும். மண் என்று பார்த்தால் விரல் அளவு. வெயிலில் பாறை கொதிக்கும். இதையெல்லாம் தாங்கத்தான் அந்தச் செடிகள் பழகியிருக்கின்றன. சில செடிகள் வறட்சியில் இலையைச் சுருட்டிக்கொண்டு செத்த மாதிரிக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் மறுபடி விரித்துக்கொள்ளும். குகை வாசல் நிழலில் ஒற்றை இலைச் செடி ஒன்று உண்டு. ஆயுசு முழுக்க அதற்கு ஒரே ஓர் இலைதான். அது மட்டும் பெரிசாகிக்கொண்டே போகும். 1977 முதல் 1983 வரை வெளியான ஓர் ஆய்வு, தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்பு மலைகளில் 1,200-க்கு மேற்பட்ட செடி வகைகளைக் கணக்கெடுத்தது. நாட்டின் பரப்பில் ஒரு துளி நிலத்தில் இத்தனை வகை!

நெருப்பு தாங்கும் காடும் தாங்காத மலையும்

உலகத்தில் நெருப்போடு பழகிய காடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாங்ஸியா என்று ஒரு மரம். அதன் சில வகைகளின் காய் நெருப்பின் சூடு பட்டால்தான் வாய் திறந்து விதையைக் கொட்டும். நம் பூர்வீகத்து நீலகிரியில், புல்வெளிக்கு நடுவே சிவப்பாய்ப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு, தடித்த பட்டையால் புல்லில் ஓடும் நெருப்பைத் தாங்கிக்கொள்ளும். அதே மலையில் ஓடைப் பள்ளத்தில் இருக்கும் சோலைக்காட்டு மரங்களுக்கு அந்தத் திடம் இல்லை. நெருப்பு ஓரத்தை அரிக்க அரிக்கச் சோலை சுருங்கும். ஆக, எந்தக் காட்டுக்கு எது பழக்கம் என்று தெரியாமல், நெருப்பு நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

நம் சுண்ணாம்பு மலைக்கு வெயில் பழக்கம், வறட்சி பழக்கம். நெருப்பு பழக்கம் இல்லை. மலை உச்சியில் விரல் அளவு மண் என்று சொன்னேன். அது பெரும்பாலும் மக்கிய இலைதான். நீண்ட வெயிலில் காய்ந்துவிட்டால் அந்த மண்ணே விறகு. அடிவாரத்தில் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு காய்ந்த செடிகொடியைப் பிடித்து மேலே ஏறினால், செடியும் போச்சு, வேரும் போச்சு, வேர் பிடித்திருந்த மண்ணும் போச்சு. அடுத்த மழையில் சாம்பல் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது வெறும் கல். அடிவாரத்தில் மண் உள்ள இடத்தில் லாலாங்கும் ரெசாம் பெரணியும் வந்து குடியேறும். அவற்றுக்கு நெருப்பு பழக்கம். அவை காய்ந்து அடுத்த நெருப்புக்கு விறகாகும்.

பக்கத்து மலையிலிருந்து விதை வந்து திரும்ப முளைக்காதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் ரிட்லி தம் முதிய வயதைச் செலவழித்தார்.

நூறு வயது வரை ஓயாதவர்

1912-ல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். மற்றவர்கள் ஓய்வு என்றால் சாய்வு நாற்காலி. இவர் கியூ தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியேறி, சேர்த்து வைத்த செடிகளைத் திரும்பப் பிரித்தார். 1922 முதல் 1925 வரை மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்கள் பற்றி ஐந்து பாகமாகப் பெரிய நூல் வெளியிட்டார். இந்த நாட்டின் செடிகளை ஆராய வருகிறவர்கள் அவர் நூலைத் தொடாமல் போனதில்லை.

1930-ல் இன்னொரு பெரிய நூல். விதைகள் உலகத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதுதான் பொருள். காற்றில் பறப்பது, தண்ணீரில் மிதப்பது, பறவை தின்று எச்சத்தில் போடுவது, மிருகத்தின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு போவது, மனிதனின் செருப்பில் ஒட்டிப் போவது என்று எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தார். நம் பால்மரத்துக் காயே வெயிலில் பட்டென்று வெடித்து விதையை எறிவதை லயத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அது எட்டினால் எவ்வளவு தூரம் எட்டும்? அதைப்போல ஒவ்வொரு விதைக்கும் ஓர் எல்லை உண்டு. சில விதை கடல் தாண்டும். சில விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். அப்படிப்பட்ட செடி ஒரே ஒரு மலையில் மட்டும் இருந்து, அந்த மலை எரிந்தால், வந்து நட ஆள் கிடையாது.

எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ரிட்லி கல்யாணமே செய்துகொண்டார்! நூறாவது பிறந்த நாளையும் கண்டுவிட்டு, 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். அடுத்த ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றது. அவர் பரப்பிய மரம் அப்போது இந்த நாட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

பேர் எழுதினால் போதுமா?

இன்றைக்குப் பேராக்கில் பால்மரம் நின்ற இடங்களைப் பாருங்கள். பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் வீடமைப்பு ஆகிவிட்டன. நம் சனம் லயத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் புந்தோங்குக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சில தோட்டத்துக்குக் கோயில் மட்டும் அடையாளம். ரிட்லி கொண்டாடிய மரம் வந்தது, வாழ்ந்தது, பல இடங்களில் போயும்விட்டது. அவசியம் என்றால் மறுபடி நடலாம். அதற்குக் கன்று கிடைக்கும். ஆனால் மலைச் செடி போனால் கன்று எங்கே கிடைக்கும்?

ரிட்லி பேர் எழுதியதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2002-ல்தான் கந்தான் மலையில் கண்ட ஒரு மர வகைக்கு அந்த மலையின் பேரையே அறிவியல் பேரில் சேர்த்தார்கள். உலகத்தில் மிக அரிதான மரங்களில் ஒன்று அது. இத்தனைக்கும் அந்த மலையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுக்காகப் பல காலமாக உடைத்து வந்திருக்கிறார்கள். கிந்தா வட்டாரத்தில் பல மலைகள் இப்படிக் கல்லுக்காகவும் சுண்ணாம்புக்காகவும் கரைந்துகொண்டிருக்கின்றன. 2018-ல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்கா என்ற தகுதி பெற்றது நல்ல செய்திதான். ஆனால் பலகையில் பேர் எழுதுவதும் புத்தகத்தில் பேர் எழுதுவதும் ஒன்றுதான். காவல் இருந்தால்தான் பேருக்கு உயிர்.

கல்லுடைப்பதை நிறுத்துவது நம் ஒருவர் கையில் இல்லை. அது அரசாங்கமும் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டிய சங்கதி. கேட்க வேண்டிய இடத்தில் நாமும் சேர்ந்து கேட்கலாம். ஆனால் நெருப்பு நம் கையில் இருக்கிறது. மலையடிவாரத்தில் காய்கறி போடுகிறவர்கள், கோயில் வளாகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் லாலாங் வெட்டுகிறவர்கள் எல்லாரும் நாமும் நம் அக்கம்பக்கமும்தான். வெட்டிய புல்லையும் குப்பையையும் மலையோரம் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமும்கூட. மலையில் புகை கண்டால் யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிடாமல் 999-க்குச் சொல்லுங்கள். அழகாய் இருக்கிறதே என்று பாறையில் பூத்த ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைக்காதீர்கள். அதற்கு அந்தக் கல்லும் அந்தப் பனியும் வேண்டும். நம் தொட்டியில் பிழைப்பது அரிது.

இன்னும் ஒன்று. அடுத்த தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போகும்போது, சாமி கும்பிட்டு முடித்த பிறகு கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாறையைப் பாருங்கள். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பில் வேரூன்றி, ஒரு கைப்பிடி மண்ணும் இல்லாமல் பச்சையாய் நிற்கும் செடியைக் காட்டுங்கள். வந்த இடத்தில் கிடைத்த கொஞ்ச மண்ணைப் பிடித்துக்கொண்டு பிழைப்பது எப்படி என்று அதற்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

காட்டை வெட்டி எரித்துத் தோட்டம் ஆக்கிய கைகள் நம் முன்னோர் கைகள். அன்றைக்கு அது வயிற்றுக்காகச் செய்த வேலை, உத்தரவுக்குப் பணிந்து செய்த வேலை. இன்றைக்கு எஞ்சிய மலையைக் காப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். ரிட்லி பேர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் நாம்தான்.